பிரேக்கர் விழுந்தால் பெரிய பிரேக்கர் போடாதீர்கள்: வயரின் பருமனைக் கணக்கிடுவது எப்படி?



போன எபிசோடில் பழைய லேப்டாப்பை வீட்டு சேர்வராக மாற்றுவது பற்றிக் கதைச்சம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கும் மேல் மென்பொருளைப் பற்றியதே இல்லை. "சேர்வர், ரவுட்டர், யு.பி.எஸ்., பக்கத்தில மைக்ரோவேவ், எல்லாத்தையும் ஒரே சொக்கெட்டில குத்தலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நேரடியான பதில்: உங்கள் சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த வாரம் கோட் இல்லை, செப்புக் கம்பிதான்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது கணினி அறிவியல், செய்வது கொன்ட்ராக்ட் ஐ.டி. வேலை. நான் எலெக்ட்ரீசியன் இல்லை. இந்தக் கணக்கை ஒழுங்காகப் படிக்க வைத்தது நான் செய்த ஒரு பிழை.

மாமி வீட்டில் நடந்தது

என் மாமி இருப்பது பலெர்மோவில் பல்லாரோ சந்தைக்கு மேலே, ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில். இத்தாலியில் சாதாரண வீட்டு மின் ஒப்பந்தம் 3 கிலோவாட். மீட்டர் 3.3 கிலோவாட் வரை தொடர்ந்து விடும். அதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெட்டிவிடும். மாமி அவனையும் வாஷிங் மெஷினையும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் போய்விடும். மீட்டர் இருப்பதோ கீழே, வாசல் பக்கத்து அறையில். நாலு மாடி இறங்கிப் போய்த் தூக்கிவிட்டு, திரும்ப நாலு மாடி ஏற வேண்டும்.

"தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்சனி தானே, இதுக்கு ஒரு வழி பாரன்" என்றா மாமி.

பார்த்தேன். இணையத்தில் பத்து நிமிட வேலை. ஒப்பந்தத்தை 3 கிலோவாட்டில் இருந்து 6 கிலோவாட்டுக்கு உயர்த்தினேன். மீட்டர் விழுவது நின்றது. ஆனால் இப்போது வீட்டு போர்டில் இருந்த 16 ஆம்ப் பிரேக்கர் விழத் தொடங்கியது. தெரிந்த ஒருவர் வந்து அதைக் கழற்றிவிட்டு 25 ஆம்ப் பிரேக்கர் போட்டார். அதுவும் விழவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் கிடைத்தது.

அடுத்து வந்தது 2023 ஜூலை. 24ஆம் தேதி பலெர்மோ வானியல் ஆய்வகத்தில் 47 பாகை பதிவான வாரம் அது. ஒரு பின்னேரம் மாமி போன் எடுத்து, "குசினிக்குள்ள மீன் நாத்தம், சந்தைப் பக்கத்து யன்னலை மூடியும் போகுதில்லை" என்றா. கீழே மீன் கடைகள் இருக்கிற இடம்தானே என்று நானும் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. பிறகுதான் எங்கேயோ வாசித்தது ஞாபகம் வந்தது: சொக்கெட், பிளக் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் நாற்றம் மாதிரித்தான் மணக்கும். "மெயினை நிப்பாட்டுங்கோ மாமி, இப்பவே" என்று கத்தினேன்.

நெருப்புப் பிடிக்கவில்லை. சொக்கெட்டின் முகப்பு பழுப்பாகி வளைந்திருந்தது. பின்னால் வயரின் உறை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் மாமியின் இரண்டு பேரப்பிள்ளைகள் படுக்கும் கட்டில்.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால், இரண்டு ரேட் லிமிட்டர்கள் இருந்தன. ஒன்றை நான் கழற்றினேன், மற்றதை இன்னொருவர் கழற்றினார். அவை இரண்டும் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்று யாரும் கேட்கவில்லை. காப்பாற்றிக்கொண்டிருந்தது வயரை.

வயர் ஏன் சூடாகிறது?

செம்பு நல்ல கடத்தி, ஆனாலும் அதற்கும் தடை உண்டு. கரண்ட் ஓடினால் சூடு பிறக்கும். அந்தச் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் 1840களிலேயே கண்டுபிடித்துவிட்டார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "கொஞ்சம்தானே கூட" என்று நாங்கள் நினைப்பது சூட்டில் கொஞ்சமாக இருக்காது.

செம்பு அந்தச் சூட்டைத் தாங்கும். தாங்காதது அதைச் சுற்றியிருக்கும் பி.வி.சி. உறை. வீட்டு வயர்களில் உள்ள சாதாரண பி.வி.சி. தொடர்ந்து தாங்குவது 70 பாகை செல்சியஸ். அதற்கு மேலே போனால் உடனே எரியாது. மெல்ல மெல்லக் காய்ந்து, விறைத்து, வெடிக்கும். அதனால்தான் "ஒரு வருசமா ஒண்டும் நடக்கேல்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. அந்த ஒரு வருடமும் உறை வேகிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆகவே கேள்வி இதுதான்: இந்த வயர், இந்த இடத்தில், 70 பாகையைத் தாண்டாமல் எத்தனை ஆம்ப் கொண்டுபோகும்?

அடிப்படை அட்டவணை

சுவருக்குள் அல்லது சுவரின் மேல் பைப் போட்டு, அதற்குள் பி.வி.சி. உறையிட்ட செப்பு வயர் ஓடினால், சுற்றுப்புறம் 30 பாகையாக இருக்கும்போது சர்வதேச மின் நியமங்கள் தரும் அளவுகள் இவை:

- 1.5 சதுர மி.மீ.: 17.5 ஆம்ப்
- 2.5 சதுர மி.மீ.: 24 ஆம்ப்
- 4 சதுர மி.மீ.: 32 ஆம்ப்
- 6 சதுர மி.மீ.: 41 ஆம்ப்

இலங்கையில் வயர் வாங்கிப் பழகியவர்களுக்கு: 7/0.53 என்பது 1.5, 7/0.67 என்பது 2.5, 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஒவ்வொரு இழையின் விட்டம் மி.மீ.இல். தமிழ்நாட்டுக் கடைகளில் நேரடியாகவே "ஒன்றரை ஸ்கொயர், இரண்டரை ஸ்கொயர்" என்று கேட்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1.5இல் இருந்து 6க்குப் போகும்போது செம்பு நாலு மடங்கு கூடுகிறது, ஆனால் ஆம்ப் நாலு மடங்கு கூடவில்லை. வயர் பருக்கும்போது சூடு வெளியேறும் மேற்பரப்பு அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் "இரண்டு மடங்கு ஆம்ப் வேணும், இரண்டு மடங்கு பருமன் போடு" என்ற கணக்குச் சரிவராது.

அட்டவணை பொய் சொல்லாது, ஆனால் முழுசும் சொல்லாது

அந்த எண்கள் 30 பாகைக்கு. பலெர்மோவின் கோடையில், மேல்மாடிச் சுவருக்குள், யாழ்ப்பாணத்தில் ஓட்டுக்குக் கீழே, சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழே 30 பாகை என்பது கனவு. சூழல் 40 பாகை என்றால் அட்டவணை எண்ணை 0.87ஆல் பெருக்க வேண்டும். 45 என்றால் 0.79. 50 என்றால் 0.71.

அடுத்தது, ஒரே பைப்புக்குள் எத்தனை லைன் ஓடுகிறது என்பது. பக்கத்து வயரும் சூடாகத்தான் இருக்கும், ஒன்றை ஒன்று அவிக்கும். இரண்டு லைன் என்றால் 0.8ஆல் பெருக்குங்கள். மூன்று என்றால் 0.7. நாலு என்றால் 0.65.

இதை மாமி வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். குசினிக்குப் போனது 1.5 வயர். ஏ.சி.யும் தண்ணீர் பொய்லரும் வேறு லைன், ஆனால் பூட்டியவர்கள் வயரை அதே பைப்புக்குள் இழுத்திருந்தார்கள். சுவர் 40 பாகை என்று வைப்போம்.

17.5 × 0.87 × 0.8 = 12.2 ஆம்ப்.

அட்டவணையில் 17.5 என்று இருந்த வயர், உண்மையில் 12 ஆம்ப் வயர்.

அதில் ஓடியது எவ்வளவு? அவன் 2200 வாட், வாஷிங் மெஷின் தண்ணீர் சூடாக்கும்போது 2000 வாட். மொத்தம் 4200. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்: 4200 ÷ 230 = 18.3.

தாங்கக்கூடியதைப் போல ஒன்றரை மடங்கு கரண்ட். சூடு ஒன்றரையின் இருமடி, அதாவது 2.25 மடங்கு. 12.2 ஆம்ப் ஓடும்போது வயர் 40இல் இருந்து 70க்கு, 30 பாகை ஏறும். அதன் 2.25 மடங்கு ஏறக்குறைய 67. சுவரின் 40ஐயும் கூட்டினால் வயர் 100 பாகையைத் தாண்டுகிறது. கேத்தில் கொதிக்கும் சூடு, பிள்ளைகளின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவருக்குள்.

25 ஆம்ப் பிரேக்கருக்கு 18.3 ஆம்ப் ஒரு பொருட்டே இல்லை. அது நாள் முழுக்க அமைதியாக இருக்கும். இருந்தது.

இது வீட்டுக்கு மட்டுமான கதையும் இல்லை. அதே ஜூலையில் எங்கள் தீவின் மறுகரையில் காத்தானியா நகரம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தது. தெருவின் தார் சூடேறிப் போனதால் நிலத்தடி மின்கேபிள்கள் தங்கள் சூட்டை மண்ணுக்குள் விட முடியாமல் பழுதாகின. மாமியின் சுவருக்குள் நடந்த அதே இயற்பியல், அளவு மட்டும் பெரிது.

பிரேக்கர் யாருக்காக?

நிறையப் பேர் பிரேக்கர் இருப்பது ஃப்ரிட்ஜையும் ரி.வி.யையும் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். இல்லை. அது காப்பது வயரை. அதனால் விதி மூன்று எண்களின் வரிசை:

பாவிக்கும் கரண்ட் ≤ பிரேக்கரின் அளவு ≤ வயர் அந்த இடத்தில் தாங்கும் அளவு.

பிரேக்கர் நடுவில் நிற்க வேண்டும். மாமி வீட்டில் வரிசை 18.3, 25, 12.2 என்று இருந்தது. கடைசி எண்தான் ஆகப் பெரியதாக இருக்க வேண்டும், அங்கே ஆகச் சிறியதாக இருந்தது.

இன்னொன்று: 16 ஆம்ப் பிரேக்கர் 16.1இல் விழாது. வீட்டுப் பிரேக்கர்களுக்கான ஐரோப்பிய நியமப்படி 1.13 மடங்கில், அதாவது சுமார் 18 ஆம்பில், ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதுவரை அவ்வளவும் வயருக்குள்தான் ஓடும். ஆகவே வயருக்கும் பிரேக்கருக்கும் இடையில் விளிம்பில் கணக்குப் பார்க்காதீர்கள்.

"எங்கட வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?" என்று கேட்பீர்கள். இத்தாலியில் அதற்கு சால்வவீத்தா என்று பெயர், உயிர்காப்பான் என்று பொருள். அது பார்ப்பது போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்பதை மட்டும். 30 மில்லிஆம்ப் வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கரண்ட் நிலத்துக்குப் போகிறது என்று நினைத்து வெட்டும். உயிரைக் காக்கும் சாமான், கட்டாயம் வேணும். ஆனால் 18 ஆம்ப் போய் 18 ஆம்ப் திரும்பி வந்தால் அதன் கண்ணுக்கு எல்லாம் சரி. வயர் வேகுவது அதற்குத் தெரியாது. சில மாதிரிகளில் இரண்டு வேலையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், ஆனால் வேலை இரண்டுதான்.

தூரமும் ஒரு கணக்கு

வயர் நீண்டால் முனையில் வோல்ட் குறையும். இத்தாலியின் மின் நியமமான சி.ஈ.ஐ. 64-8 சொல்லும் எல்லை 4 சதவீதம், அதாவது 230இல் ஏறக்குறைய 9 வோல்ட்.

மாமி வீட்டில் கீழ் மீட்டரில் இருந்து மேல் போர்டுக்கு 30 மீட்டர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்குக்கு 60 மீட்டர். 6.6 கிலோவாட் முழுதாக இழுத்தால் 28.7 ஆம்ப். அங்கே இருந்தது 4 சதுர மி.மீ. வயர். சூடான செம்புக்கு மீட்டருக்கு 5.5 மில்லிஓம் என்று எடுத்தால் 60 மீட்டருக்கு 0.33 ஓம். 28.7ஆல் பெருக்கினால் 9.5 வோல்ட் இழப்பு, எல்லையைத் தாண்டுகிறது. சூட்டுக் கணக்கிலும் தோல்வி: 32 × 0.87 = 27.8, தேவை 28.7.

6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 6.4 வோல்ட், தாங்கும் அளவு 41 × 0.87 = 35.7. பிரேக்கர் 32. வரிசை 28.7, 32, 35.7. இப்போது சரி. புதிய வீடுகளில் மீட்டரில் இருந்து போர்டுக்கு வரும் வயர் 6க்குக் குறையக்கூடாது என்று அந்த நியமம் சொல்வது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

எலெக்ட்ரீசியன் செய்தது

முதலில் 25 ஆம்ப் பிரேக்கரைக் கழற்றி என் கையில் தந்தார். பிறகு:

- மீட்டரில் இருந்து போர்டுக்கு 6 வயர், 32 ஆம்ப்.
- அவனுக்குத் தனி லைன், வாஷிங் மெஷினுக்குத் தனி லைன். இரண்டும் 2.5 வயர், 16 ஆம்ப்.
- லைட்டுகளுக்கு 1.5 வயர், 10 ஆம்ப்.
- ஒரு பைப்புக்குள் இரண்டு லைனுக்கு மேல் இல்லை.

கடைசி வரி ஏன் என்று கணக்குப் போடுங்கள். 2.5 வயர், 40 பாகை, இரண்டு லைன்: 24 × 0.87 × 0.8 = 16.7. பிரேக்கர் 16. மயிரிழையில் தப்பியது. மூன்றாவது லைனையும் அதே பைப்புக்குள் திணித்தால் 14.6. அதே வயர், அதே பிரேக்கர், இப்போது பிழை.

இத்தாலியில் இந்த வேலையை 2008ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க அமைச்சு ஆணையின் கீழ் அனுமதி பெற்ற நிறுவனம்தான் செய்யலாம். முடிந்ததும் திக்கியாராசியோனே தி கொன்ஃபோர்மித்தா என்ற இணக்கச் சான்று தர வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். பாஷை தெரியாது, கேட்டால் கோபிப்பார் என்று எங்கட ஆட்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்கத் துணை வேண்டும் என்றால் இத்தாலியன் படித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்ப சேர்வரை எங்கே குத்துவது?

பழைய லேப்டாப், ரவுட்டர் எல்லாம் சேர்த்தும் 100 வாட் வராது, அரை ஆம்ப்கூட இல்லை. அவற்றை ஒரே மல்டிபிளக்கில் குத்தலாம், பயம் இல்லை. சூடாக்குவது, கொதிக்க வைப்பது, காய வைப்பது எதுவாக இருந்தாலும் மல்டிபிளக்கில் குத்தாதீர்கள்: கேத்தில், ஹீட்டர், அவன், மைக்ரோவேவ். மல்டிபிளக்கை இத்தாலியர் ச்சபாத்தா, செருப்பு, என்பார்கள். அதைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை வாட் வரை என்று அச்சிட்டிருக்கும். 1500 வாட் என்று இருந்தால் ஒரு 2000 வாட் கேத்தில்கூட அதற்குக் கூடுதல். ஒன்றில் இன்னொன்றைக் குத்தி நீட்டவே வேண்டாம்.

இந்த வார வீட்டுவேலை, பத்து நிமிடம் போதும்:

1. போர்டைத் திறக்காமல், பிரேக்கர்களின் முகத்தில் எழுதியிருக்கும் ஆம்ப் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஒவ்வொன்றையும் கீழே இறக்கி, எந்த அறை, எந்தச் சொக்கெட் நிற்கிறது என்று எழுதுங்கள்.
3. அந்தச் சொக்கெட்டுகளில் ஒரே நேரம் ஓடும் சாமான்களின் வாட்டைக் கூட்டி, 230ஆல் வகுங்கள்.
4. அவன் ஓடி அரை மணி நேரத்தின் பின் பிளக்கையும் சொக்கெட் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை, பழுப்பு நிறம், மீன் நாற்றம் என்றால் உடனே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.
5. யாராவது பிரேக்கரை மாற்றியிருந்தால், அப்போது வயரையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

வயரைத் தொடும் வேலை எதையும் நீங்களே செய்யாதீர்கள். கணக்குப் போடுவது மட்டும் எங்கள் வேலை, அதுவும் எலெக்ட்ரீசியனிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்குத்தான்.

அந்த 25 ஆம்ப் பிரேக்கர் இப்போது என் மேசையில் மொனிட்டருக்குக் கீழே இருக்கிறது. வேலையில் ஏதாவது எல்லை திரும்பத் திரும்ப இடிக்கும்போது, அதை உயர்த்த முன்னம் ஒருதரம் அதைப் பார்த்துக்கொள்வேன். மாமி இப்ப அவனையும் வாஷிங் மெஷினையும் ஒன்றாகத்தான் போடுறா. ஒன்றும் விழுவதில்லை.

அடுத்த எபிசோடில் யு.பி.எஸ். பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போடுவோம். உங்கள் போர்டில் என்ன எண்கள் இருந்தன என்று இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், சுவாரசியமானவற்றை நிகழ்ச்சியில் வாசிக்கிறேன்.

அதுவரை, சொக்கெட்டைத் தொட்டுப் பாருங்கோ.